இனிப்பைக் குறைத்த கேரட் கேக்

நுழையும்முன்

பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டியதும் எல்லாரும் தட்டை நீட்டுவர். நீரிழிவு உள்ள தாத்தாவோ பாட்டியோ மட்டும் "எனக்கு வேண்டாம்" என்று விலகி அமர்ந்திருப்பர். இக்காட்சி இன்று பல வீடுகளில் உண்டு. "சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துவிட்டால் போதுமே!" என்று எண்ணத் தோன்றும். ஆனால், அவ்வாறு செய்த கேக் பெரும்பாலும் வறண்டு, இறுகி, வெளிறிப் போகிறது. அதற்குக் காரணம் என்ன? ஒரு பொருளைக் குறைக்க வேண்டுமெனில், அது என்னென்ன பணிகளைச் செய்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கேரட் கேக்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடம் அதனை விளக்குகிறது.

தட்டுப்பாடு வளர்த்த பண்டம்

இடைக்கால ஐரோப்பாவில் சர்க்கரை விலை மிகுந்த பொருள். எளிய மக்களால் அதனை வாங்க இயலவில்லை. ஆகவே, இயல்பாகவே இனிப்புள்ள காய்களையும் கனிகளையும் கொண்டு அவர்கள் இனிப்புப் பண்டங்களைச் செய்தனர். கேரட்டை வேகவைத்து மசித்துச் செய்த ஒருவகைக் களி அவற்றுள் ஒன்று. இன்றைய கேரட் கேக்கிற்கு அதுவே முன்னோடி என்பர்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் கேரட்டுக்கு மீண்டும் மதிப்பு வந்தது. கடல்வழி வந்த உணவுப்பொருள்கள் போரினால் குறைந்தன. 1940 ஆம் ஆண்டு சனவரி மாதம் சர்க்கரைக்குப் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. போர்க்காலத்தின் பெரும்பகுதியில் ஒருவருக்கு வாரத்திற்குக் கிடைத்த சர்க்கரை 8 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 225 கிராம் மட்டுமே. தேநீர், பழக்கூழ், பலகாரம் ஆகிய அனைத்திற்கும் அதுவே போதுமானதாக இருக்க வேண்டும். அந்நாட்டு மண்ணிலேயே மிகுதியாக விளைந்த கேரட் அப்போது கைகொடுத்தது. பிரிட்டனின் உணவு அமைச்சகம் 'டாக்டர் கேரட்' என்னும் சித்திரப் பாத்திரத்தை உருவாக்கி, கேரட்டை உண்ணும்படி மக்களை ஊக்குவித்தது. கேரட்டைத் துருவிச் சேர்த்த கேக்குகளும் களிகளும் வீடுகளில் பெருகின. சர்க்கரைப் பங்கீடு 1953 ஆம் ஆண்டில்தான் முடிவுற்றது.

பிற்காலத்தில் அமெரிக்காவில் கேரட் கேக் பெரும்புகழ் பெற்றது. அங்கே அதன்மேல் பாலாடைக்கட்டியும் சர்க்கரைத் தூளும் கலந்த பூச்சு பூசும் வழக்கமும் பரவியது. சர்க்கரை இல்லாத குறையைத் தீர்க்க வந்த பண்டம், சர்க்கரை மிகுந்த பண்டமாக மாறிவிட்டது. ஆகவே, கேரட் கேக்கில் இனிப்பைக் குறைப்பதைப் புதுமை என்று கூறுவதைவிட, அதன் பழைய இயல்புக்குத் திரும்புதல் என்று கூறுவதே பொருந்தும்.

கேரட்டின் இனிப்பும் நிறமும்

நாம் உண்ணும் கேரட் ஒரு வேர். முதல் ஆண்டில் கேரட் செடி தன் உணவை வேரில் சேமிக்கிறது. அடுத்த ஆண்டில் பூத்துக் காய்ப்பதற்கு அச்சேமிப்பைப் பயன்படுத்துகிறது. செடி பூக்கும் முன்னரே நாம் வேரைப் பிடுங்கிவிடுவதால் அச்சேமிப்பு நமக்குக் கிடைக்கிறது. 100 கிராம் கேரட்டில் ஏறத்தாழ 88 கிராம் நீரும் ஏறத்தாழ 5 கிராம் இயற்கைச் சர்க்கரையும் உள்ளன. கேக்கிற்கு இவ்விரண்டுமே பயன்படுகின்றன.

நீலகிரி மலையில் விளையும் கேரட் செம்மஞ்சள் நிறமுடையது. தமிழ்நாட்டில் அதனை 'ஊட்டி கேரட்' என்பர். டில்லி, பஞ்சாப், உத்தரப் பிரதேசம் முதலிய பகுதிகளின் குளிர்காலச் சந்தைகளிலோ சிவப்புக் கேரட் குவிந்திருக்கும். வடநாட்டு மக்கள் விரும்பி உண்ணும் கேரட் அல்வா அதிலிருந்தே செய்யப்படுகிறது. செம்மஞ்சள் கேரட்டுக்கு நிறம் தருவது பீட்டா கரோட்டின். நமது உடல் அதனை வைட்டமின் ஏ சத்தாக மாற்றிக்கொள்கிறது. சிவப்புக் கேரட்டில் தக்காளியில் உள்ள லைக்கோபீன் என்னும் நிறமியும் உண்டு. இந்நிறமிகள் எண்ணெயில் கரைபவை. ஆதலால், எண்ணெய் சேர்த்துச் சமைக்கும்போது உடல் அவற்றை நன்கு ஏற்றுக்கொள்கிறது. கேக் செய்வதற்கு இருவகைக் கேரட்டும் ஏற்றவை.

தெரிந்துகொள்வோம்: கேரட்டின் பெயரிலிருந்தே 'கரோட்டின்' என்னும் பெயர் பிறந்தது. 1831 ஆம் ஆண்டு வாக்கன்ரோடர் என்னும் செருமானிய வேதியியலார் இந்நிறமியைக் கேரட்டிலிருந்து பிரித்தெடுத்தார்.

சர்க்கரை செய்யும் ஐந்து பணிகள்

பாயசத்தில் சர்க்கரையைக் குறைத்தால் இனிப்பு மட்டுமே குறையும். கேக்கின் நிலை வேறு. அங்குச் சர்க்கரை ஐந்து பணிகளைச் செய்கிறது.

முதலாவது, இனிப்பைத் தருகிறது.

இரண்டாவது, ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. சர்க்கரை நீரை ஈர்க்கும் தன்மையுடையது. மழைக்காலத்தில் திறந்து வைத்த சர்க்கரை பிசுபிசுப்பது இதனால்தான். அதே தன்மையால் கேக்கும் விரைவில் வறண்டுபோகாமல் இருக்கிறது.

மூன்றாவது, மென்மையைத் தருகிறது. கோதுமை மாவில் நீர் சேர்த்துப் பிசையும்போது அதிலுள்ள புரதங்கள் இணைந்து குளூட்டன் என்னும் இழுபடும் வலையை உண்டாக்குகின்றன. சப்பாத்தி மாவு இழுத்தால் நீள்வதற்கு இவ்வலையே காரணம். சப்பாத்திக்கு அது தேவை. கேக்கிற்கு அது மிகுந்தால் தீங்கு. சர்க்கரை நீரின் ஒரு பகுதியைத் தன்பால் ஈர்த்து, அவ்வலை வலுப்பெறாமல் தடுக்கிறது.

நான்காவது, நிறமும் மணமும் தருகிறது. சூட்டில் சர்க்கரை பழுப்பாவதால்தான் கேக்கின் மேற்பரப்பு பொன்னிறம் கொள்கிறது.

ஐந்தாவது, காற்றைச் சேர்க்க உதவுகிறது. முட்டையையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது நுண்ணிய காற்றுக் குமிழிகள் உண்டாகின்றன. சர்க்கரை அக்குமிழிகள் விரைவில் உடைந்துபோகாமல் காக்கிறது. கேக் எழும்புவதற்கு அவை துணைபுரிகின்றன.

ஐந்து பணிகளைச் செய்துவந்த ஒருவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, வேறு எவரையும் அமர்த்தாவிட்டால் வேலை நின்றுபோகும் அன்றோ? சர்க்கரையைக் குறைத்த கேக் கெட்டுப்போவதற்கும் அதுவே காரணம்.

பணிகளைப் பகிர்ந்தளித்தல்

ஈரத்தைக் காக்கும் பணியைத் துருவிய கேரட்டும் தயிரும் ஏற்கும். கேரட்டை நுண்ணிதாகத் துருவ வேண்டும். பெரிய துருவலில் நீர் உள்ளேயே தங்கிவிடும். நுண்ணிய துருவலிலிருந்து நீர் மெல்லக் கசிந்து மாவில் பரவும்.

மென்மைக்குரிய பணியை எண்ணெய் ஏற்கும். அது மாவின் புரதங்களைச் சூழ்ந்துகொண்டு குளூட்டன் வலையைத் தடுக்கும். மாவைச் சேர்த்தபின் அளவுக்கு மீறிக் கலக்காதிருத்தலும் அதே பயனைத் தரும்.

கேக்கை எழுப்பும் பணியை நன்கு அடித்த முட்டையும், ஆப்பச்சோடாவும், பேக்கிங் பவுடரும் ஏற்கும். தயிரின் புளிப்பும் ஆப்பச்சோடாவும் சேரும்போது கரியமில வாயு வெளிப்பட்டுக் கலவையை உப்பச் செய்யும்.

நிறத்திற்குரிய பணியைக் கேரட்டும், பட்டைப்பொடியும், நாட்டுச்சர்க்கரையின் பழுப்பு நிறமும் ஏற்கும்.

எஞ்சியது இனிப்பு. அதில் ஒரு பகுதியைக் கேரட்டும் பேரீச்சம்பழமும் தரும். மற்றொரு பகுதியை மணப்பொருள்கள் ஈடுசெய்யும். பட்டை, சாதிக்காய், கிராம்பு, சுக்கு ஆகியவற்றில் சர்க்கரை மிகுதியாக இல்லை. ஆயினும் இனிப்புப் பண்டங்களில் அம்மணங்களை நாம் மீண்டும் மீண்டும் நுகர்ந்திருப்பதால், அவை மூக்கில் பட்டவுடன் இனிப்பு கூடுதலாக இருப்பதுபோல் நாவுக்குத் தோன்றுகிறது.

செய்முறை

தேவையான பொருள்கள்: மைதா மாவு 150 கிராம், கோதுமை மாவு 100 கிராம், நுண்ணிதாகத் துருவிய கேரட் 300 கிராம், நாட்டுச்சர்க்கரை 120 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 60 கிராம், முட்டை 4, மணமற்ற சமையல் எண்ணெய் 150 மில்லிலிட்டர், தயிர் 100 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, ஆப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, பட்டைப்பொடி 2 தேக்கரண்டி, சுக்குப்பொடி 1 தேக்கரண்டி, சாதிக்காய்ப்பொடி கால் தேக்கரண்டி, கிராம்புப்பொடி ஒரு சிட்டிகை, உப்பு அரைத் தேக்கரண்டி, உடைத்த அக்ரூட்டு அல்லது முந்திரி 60 கிராம்.

1. பேரீச்சம்பழத்தைச் சிறிதளவு வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துக் கூழாக மசித்துக்கொள்க.

2. ஓவனை 175 பாகை செல்சியசுக்குச் சூடேற்றுக. 23 சென்டிமீட்டர் அகலமுள்ள கேக் தட்டில் எண்ணெய் தடவி, அடியில் பட்டர் பேப்பரை விரிக்க.

3. இருவகை மாவு, பேக்கிங் பவுடர், ஆப்பச்சோடா, உப்பு, மணப்பொடிகள் ஆகியவற்றை ஒன்றாகச் சலித்துக்கொள்க.

4. முட்டையையும் நாட்டுச்சர்க்கரையையும் ஏறத்தாழ ஐந்து நிமிடம் நன்கு அடிக்க. கலவை வெளிறி, நுரைத்துப் பெருகி வர வேண்டும். சர்க்கரை குறைவாக உள்ளதால் இப்படியில் பொறுமை மிகவும் தேவை.

5. எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி அடிக்க. பின்பு தயிரையும் பேரீச்சங்கூழையும் சேர்க்க.

6. சலித்த மாவைச் சேர்த்து, அகப்பையால் கீழிருந்து மேலாக மெல்லக் கலக்குக. மாவு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தவுடன் நிறுத்துக. கேரட்டையும் பருப்புத் துண்டுகளையும் இட்டு ஒருமுறை புரட்டுக.

7. கலவையைத் தட்டில் ஊற்றிக் காலம் தாழ்த்தாது ஓவனில் வைக்க. தயிருடன் சேர்ந்தவுடனேயே ஆப்பச்சோடா வேலை செய்யத் தொடங்கிவிடும்; காத்திருந்தால் வாயு வீணாகும்.

8. 45 முதல் 50 நிமிடம் வேகவிடுக. நடுவில் குத்தி எடுத்த குச்சியில் மாவு ஒட்டாதிருந்தால் கேக் வெந்துவிட்டது. பத்து நிமிடம் கழித்துத் தட்டிலிருந்து எடுத்து, முழுமையாக ஆறியபின் துண்டுகளாக்குக.

ஓவன் இல்லாத வீடுகளில் அடிகனத்த பெரிய பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்து, கேக் தட்டை அமர்த்தி, மூடி, சிறு தீயில் வேகவைக்கலாம். நேரம் சற்றுக் கூடும். சூடான அடுப்பையும் தட்டையும் கையாளும்போது பெரியவர் ஒருவர் உடனிருத்தல் கட்டாயம்.

முட்டை சேர்க்காத வீடுகளுக்கு வேறு அளவுமுறை தேவை. முட்டையை மட்டும் நீக்கிவிட்டு மற்றவற்றை அப்படியே வைத்தால் இக்கேக் எழும்பாது. முட்டைக்கும் இங்குப் பல பணிகள் உண்டு.

சர்க்கரை உணவைக் கெடாமல் காக்கவும் செய்கிறது. ஆகவே, சர்க்கரை குறைந்த கேக்கில் பூஞ்சை விரைவில் பற்றும். ஒரு நாளுக்குமேல் வைத்திருக்க வேண்டுமெனில் மூடிய கலத்தில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் நன்று. மேற்பூச்சு விரும்புவோர், துணியில் கட்டி நீர் வடித்த கெட்டித்தயிரைப் பரிமாறும்போது மேலே தடவிக்கொள்ளலாம்.

கணக்குப் பார்ப்போம்

அமெரிக்கச் சமையல் நூல்களில் பரவலாகக் காணப்படும் அளவின்படி, 2 கோப்பை மாவுக்கு 2 கோப்பை சர்க்கரை சேர்க்கப்படுகிறது. 2 கோப்பை சர்க்கரை என்பது ஏறத்தாழ 400 கிராம். அக்கேக்கை 16 துண்டுகளாக்கினால் ஒரு துண்டில் 25 கிராம் சர்க்கரை இருக்கும். மேற்பூச்சின் சர்க்கரை இக்கணக்கில் சேரவில்லை.

நமது செய்முறையில் நாட்டுச்சர்க்கரை 120 கிராம். பேரீச்சம்பழத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையே. எனவே, 60 கிராம் பழத்திலிருந்து 40 கிராம் வரும். ஆக மொத்தம் 160 கிராம். 16 துண்டுகளாக்கினால் ஒரு துண்டிற்கு 10 கிராம். கேரட்டின் இயற்கைச் சர்க்கரை துண்டிற்கு ஏறத்தாழ 1 கிராம்தான்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவிலும் பானத்திலும் சேர்க்கப்படும் சர்க்கரை, தேன், பழச்சாறு முதலியவற்றிலிருந்து பெறும் ஆற்றல் நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்கிறது. 5 விழுக்காட்டுக்குக் குறைந்தால் மேலும் நன்மை என்றும் கூறுகிறது. நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி உண்பவருக்கு 5 விழுக்காடு என்பது ஏறத்தாழ 25 கிராம். பழைய முறையில் செய்த ஒரே துண்டு அந்த எல்லையை எட்டிவிடுகிறது.

2025 ஆம் ஆண்டு மே மாதம் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், தன்னுடன் இணைந்த பள்ளிகளில் 'சர்க்கரைப் பலகை' அமைக்குமாறு அறிவுறுத்தியது. நாள்தோறும் உண்ணத்தக்க சர்க்கரையின் அளவு, பொதுவாக உண்ணும் பண்டங்களில் உள்ள சர்க்கரையின் அளவு முதலியவற்றை மாணவர் அறிவதற்காகவே அப்பலகை. மேலே கண்ட கணக்கும் அதில் எழுதத்தக்கதே.

பெயரில் உண்மை வேண்டும்

வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்றாக வெல்லமோ, கருப்பட்டியோ, நாட்டுச்சர்க்கரையோ சேர்த்துவிட்டு, "இதில் சர்க்கரையே இல்லை" என்று கூறும் வழக்கம் உண்டு. இது சரியன்று. இவற்றில் தனிச்சுவையும் மணமும் சிறிதளவு தாதுக்களும் உண்டு. ஆயினும் இவற்றின் பெரும்பகுதி சர்க்கரையே. பேரீச்சம்பழமும் தேனும் அவ்வாறே. நமது செய்முறையில் நாட்டுச்சர்க்கரை இடம்பெற்றது அதன் நிறத்துக்காகவும் மணத்துக்காகவும்தான். உண்மையில் பயன் தருவது, 400 கிராம் 160 கிராமாகக் குறைந்ததே.

மேலும், கேக்கிலுள்ள மாவும் செரிக்கும்போது குளுக்கோசாக மாறுகிறது. ஆகவே, இக்கேக்கைச் 'சர்க்கரை இல்லாத கேக்' என்று கூறி நீரிழிவு உள்ளவரிடம் நீட்டுதல் அன்பாகாது. "இதில் இவ்வளவு சர்க்கரை உள்ளது" என்று அளவைச் சொல்லி, மருத்துவர் கூறிய எல்லைக்குள் அவரே முடிவு செய்துகொள்ள விடுதலே அன்பு. அளவை அறிந்த தாத்தா பாதித் துண்டை எடுத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றும் சொல்லலாம். எதுவாயினும் உண்மையை அறிந்து அவர் எடுத்த முடிவாக அது இருக்கும்.

நாவும் பழக்கத்திற்கு உட்பட்டது. முதல்முறை இக்கேக் சப்பென்று தோன்றினால் வியப்பில்லை. 400 கிராமிலிருந்து 300, பின்பு 200 எனப் படிப்படியாகக் குறைத்துவரும் வீட்டில், சில முறைகளுக்குப் பின் பழைய கேக்கே திகட்டத் தொடங்கும். அதுவரை மறைந்திருந்த கேரட்டின் சுவையும் சுக்கின் காரமும் பட்டையின் மணமும் அப்போது நாவுக்குத் தெரியவரும்.

சொற்பொருள்

பங்கீடு – பகிர்ந்தளிக்கும் முறை
தட்டுப்பாடு – தேவைக்கேற்பக் கிடைக்காமை
நுண்ணிதாக – மிகச் சிறியதாக
நிறமி – நிறம் தரும் பொருள்
அகப்பை – கலக்கவும் முகக்கவும் உதவும் கரண்டி
சிட்டிகை – இரு விரல்களால் எடுக்கும் அளவு
திகட்டுதல் – இனிப்பு மிகுதியால் வெறுப்புத் தோன்றுதல்

சொல்லின் பயணம்

'சர்க்கரை' என்னும் சொல்லுக்கு மூலமான வடசொல், பரல் அல்லது சிறுகல் என்னும் பொருளுடையது. மணல்போன்ற அதன் வடிவத்தால் அப்பெயர் வந்தது. அச்சொல் பாரசீகம், அரபு ஆகிய மொழிகளின் வழியே ஐரோப்பாவை அடைந்து, ஆங்கிலத்தில் 'சுகர்' என்றாயிற்று. பொருளோடு பெயரும் பயணம் செய்தது.

மொழியை அறிவோம்

அ. செய்முறையில் 'சேர்க்க', 'கலக்குக', 'ஊற்றி அடிக்க' என வரும் வினைகளைக் காண்க. 'க' என்னும் விகுதி பெற்று வேண்டுதல், விதித்தல் முதலிய பொருள்களில் வருபவை வியங்கோள் வினைமுற்றுகள். இவை ஒருவர், பலர் எனும் வேறுபாடின்றி எல்லார்க்கும் பொருந்தும்.

ஆ. 'சர்க்கரை கரைந்தது' என்பது தன்வினை. 'அம்மா சர்க்கரையைக் கரைத்தார்' என்பது பிறவினை. 'இனிப்பு குறைந்தது' தன்வினை; 'இனிப்பைக் குறைத்தார்' பிறவினை.

மதிப்பீடு

I. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. பிரிட்டனில் சர்க்கரைப் பங்கீடு ______ ஆம் ஆண்டில் முடிவுற்றது.
2. சிவப்புக் கேரட்டிலும் தக்காளியிலும் உள்ள நிறமி ______.
3. கோதுமை மாவின் புரதங்கள் நீருடன் சேர்ந்து ______ என்னும் வலையை உண்டாக்குகின்றன.

II. தன்வினையைப் பிறவினையாக மாற்றி எழுதுக.
1. பேரீச்சம்பழம் நனைந்தது. (பாட்டி)
2. மாவும் தயிரும் சேர்ந்தன. (அண்ணன்)
3. கேக் வெந்தது. (அப்பா)

III. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கேரட்டை நுண்ணிதாகத் துருவ வேண்டியது ஏன்?
2. கலவையை உடனே ஓவனில் வைக்க வேண்டிய காரணம் யாது?
3. சர்க்கரை குறைந்த கேக்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது ஏன்?

IV. விரிவான விடை எழுதுக.
1. கேக்கில் சர்க்கரை செய்யும் ஐந்து பணிகளையும், அவற்றை ஏற்கும் பிற பொருள்களையும் விளக்குக.
2. 'வெல்லம் சேர்த்தால் சர்க்கரை இல்லை' என்னும் கூற்று பொருந்துமா? காரணம் தந்து எழுதுக.

V. கற்றபின் செய்க.
1. வீட்டிலுள்ள மூன்று உணவுப் பொட்டலங்களின் மேலுறையைப் பார்த்து, 100 கிராமில் உள்ள சர்க்கரையின் அளவைக் குறித்து வகுப்பில் ஒப்பிடுக.
2. ஊரிலுள்ள தாத்தா அல்லது பாட்டியுடன் தொலைபேசியில் பேசி, அவர் செய்யும் ஓர் இனிப்புப் பண்டத்தின் செய்முறையைக் கேட்டறிக. அதனை வியங்கோள் வினைமுற்றுகளைப் பயன்படுத்தி எழுதுக. 'கையளவு', 'கண்ணளவு' என்று அவர் கூறியவற்றைக் கிராமில் அளந்து குறிப்பிடுக.